50 யூனிட் கூடுதலுக்கு 613 ரூபாயா? வீட்டு கரண்ட் பில் கணக்கு

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கொளத்தூரில் முதல் மாடி வீடு, ஒரு ஏசி. போன முறை 480 யூனிட், பில் 1,679 ரூபாய். இந்த முறை 530 யூனிட், பில் 2,292 ரூபாய். ரீடிங் எடுப்பவர் ஆறு நாள் தள்ளி வந்திருக்கிறார். கூடியது 50 யூனிட், ஆனால் தொகை 613 ரூபாய் கூடிவிட்டது. யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் ஆகிறது. விலைப் பட்டியலில் உச்ச விலையே 11.55தானே, அப்படியென்றால் மீட்டர் ஓடுகிறதா, இல்லை தாமதமாக வந்து நம் தலையில் கட்டுகிறார்களா என்று கேட்கிறீர்கள்.

இதில் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பில் கணக்குச் சரியா? ஆறு நாள் தாமதத்தால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா? முதல் கேள்விக்குச் சந்தேகமே இல்லாமல் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு நீங்கள் கொடுத்த எண்களை வைத்து ரூபாய்க் கணக்கே போடலாம். மூன்றாவதை இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. நான் லைசென்ஸ் வைத்திருக்கும் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். வடசென்னைப் பக்கம் வீட்டு வயரிங்தான் தொழில். வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிப் பேர் வயரைக் காட்டுவதற்கு முன்னால் பில்லைத்தான் நீட்டுவார்கள். இபி ஊழியன் அல்ல, ஆகவே அலுவலகத்துக்குள் நடப்பதைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் விலை. வீட்டு இணைப்புக்கு இப்போது நான் கணக்குப் போடுவது 2024 ஜூலை 1 முதல் வந்த விலை. 2025 ஜூலையில் 3.16 சதவீதம் உயர்த்தினார்கள், வீடுகளுக்கான அந்த உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் நாம் கட்டுவது அப்போது மாறவில்லை. நீங்கள் படிக்கும் நேரத்தில் விலை மாறியிருந்தால் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதுதான். எல்லாமே இரண்டு மாதத்துக்கு. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் வேறு பட்டியல்: முதல் 100 அப்போதும் இலவசம், ஆனால் 101லிருந்தே 400 வரைக்கும் 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. இரண்டு பட்டியலுக்கும் வித்தியாசம் ஒரே இடத்தில்தான், 101 முதல் 200 வரையிலான அந்த நூறு யூனிட்டில். முதல் பட்டியலில் அது 235 ரூபாய், இரண்டாவதில் 470.

உங்கள் பில்லை இதில் வைத்துப் பாருங்கள். போன முறை 480: இரண்டாவது நூறுக்கு 235, அடுத்த இருநூறுக்கு 940, மீதி 80 யூனிட்டுக்கு 6.30 வீதம் 504. கூட்டினால் 1,679. இந்த முறை 530: 101 முதல் 400 வரை முந்நூறு யூனிட்டுக்கு 1,410, அடுத்த நூறுக்கு 630, மீதி 30 யூனிட்டுக்கு 8.40 வீதம் 252. கூட்டினால் 2,292. பைசா பிசகவில்லை. ஆக, கணக்கில் தப்பில்லை.

613 எங்கிருந்து வந்தது என்றால், 480லிருந்து 500 வரை 20 யூனிட்டுக்கு 126 ரூபாய், 500லிருந்து 530 வரை 30 யூனிட்டுக்கு 252 ரூபாய், மீதி 235 ரூபாய் அந்த 500 கோட்டைத் தாண்டியதற்கான அபராதம். அபராதம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனால் விளைவு அதுதான். 500 யூனிட் வந்தால் பில் 1,805 ரூபாய். 501 வந்தால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. சென்னையில் இதைவிட விலை உயர்ந்த கரண்ட் எங்கும் கிடையாது. ஆனால் 500க்கும் 501க்கும் நடுவிலான இந்தப் பள்ளம் முன்பு இன்னும் ஆழமாக இருந்தது: 2022 செப்டம்பருக்கு முந்தைய விலையில் 500 யூனிட்டுக்கு நிலைக் கட்டணத்தோடு 1,130 ரூபாய், 501க்கு ஏறக்குறைய 1,787 ரூபாய். 2022இல் விலையை ஏற்றியவர்கள் பள்ளத்தைக் கொஞ்சம் மேடாக்கினார்கள், வீடுகளுக்கு நிலைக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். மொத்தத்தில் கட்டும் பணம் கூடிவிட்டது என்பது வேறு விஷயம்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். 500 தாண்டினால் இலவச 100 யூனிட் போய்விடும் என்பது தவறு. 2016 மே மாதம் அறிவித்த அந்த நூறு யூனிட், எவ்வளவு செலவழித்தாலும் எல்லா வீட்டுக்கும் கழிக்கப்படுகிறது. 500 தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 8.40 போடுவார்கள் என்பதும் தவறு, 8.40 என்பது 501லிருந்து 600 வரை உள்ள யூனிட்டுக்கு மட்டும். இன்னொரு குழப்பம், இணையத்தில் 4.80 என்றும் 4.70 என்றும் இரண்டு விலை தென்படுவது. 4.80 என்பது 2024இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை, 4.70 என்பது அரசு மானியம் போக நாம் கட்டுவது. செய்தியில் வருவது பெரும்பாலும் முதலாவது, பில்லில் நம் பையிலிருந்து போவது இரண்டாவது. சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்பதாலும் வீட்டு யூனிட் விலை மாறாது.

இப்போது நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த ஆறு நாள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. போன முறை 60 நாளில் 480 என்றால் ஒரு நாளைக்கு 8 யூனிட். இந்த முறை 66 நாளில் 530 என்றால் ஒரு நாளைக்கு 8.03. அதாவது உங்கள் வீட்டில் செலவு கூடவே இல்லை. அதே ஃபேன், அதே ஏசி, அதே ஆட்கள்தான். கூடியது நாள் மட்டும். 60ஆம் நாளே ரீடிங் எடுத்திருந்தால் 482 யூனிட் பக்கம் நின்றிருக்கும், பில் 1,691 ரூபாய் 60 காசு.

அதற்காக 600 ரூபாய் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த ஆறு நாள் யூனிட் அடுத்த பில்லில் வராது. அடுத்த ரீடிங் பழைய தேதிக்கே எடுத்தால் 54 நாள்தான், 432 யூனிட், பில் 1,376 ரூபாய் 60 காசு. இரண்டு பில்லையும் சேர்த்தால் 3,668 ரூபாய் 60 காசு. இரண்டு முறையும் சரியான நாளில் எடுத்திருந்தால் அதே 962 யூனிட்டுக்கு 1,691.60, 1,679 என்று 3,370 ரூபாய் 60 காசு. வித்தியாசம் 298 ரூபாய். இதுதான் தாமதத்தின் உண்மையான விலை, அதுவும் அடுத்த முறை பழைய தேதிக்குத் திரும்பினால் மட்டும். அடுத்த முறையும் அதே அளவு தள்ளிப் போனால் 60 நாள் ஆகிவிடும், மீதியைத் திரும்பப் பெறும் வாய்ப்பும் பின்னால் தள்ளிப்போகும். 300 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு ஆறு நாள் தாமதம் அதிகம் உறைக்காது. 450க்கும் 500க்கும் நடுவில் இருக்கிற வீட்டுக்குத்தான் இது அடி. சென்னையில் ஒரு ஏசி உள்ள நடுத்தரக் குடும்பங்கள் பலவும் கோடையில் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கின்றன. (நாலு நாள் முன்னதாக வந்து ரீடிங் எடுத்துப் போனபோது யாரும் என்னிடம் பில்லை நீட்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஒவ்வொரு மாதமும் 100 யூனிட் இலவசம், 500 வரை குறைந்த விலை என்று இப்போதைய எல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டு மாதக் கணக்கு வந்தால் கொண்டாட்டம்தான். ஆனால் எல்லைகளைப் பாதியாக்கி, 50 யூனிட் இலவசம், 250 கோடு என்று கொண்டுவந்தால் கதை திரும்பிவிடும். ஏப்ரலில் 200 யூனிட், மே மாதம் 300 யூனிட் செலவான வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய முறையில் மொத்தம் 500, பில் 1,805. பாதியாக்கிய மாதக் கணக்கில் ஏப்ரலுக்கு 587.50, மே மாதம் கோட்டைத் தாண்டிவிடுவதால் 1,440, ஆக 2,027 ரூபாய் 50 காசு. இரண்டு மாதத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு மாதத்தின் குறைவு இன்னொரு மாதத்தின் நிறைவைத் தாங்குகிறது, அதுதான் காரணம். மாதக் கணக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் கூடவே எல்லை எங்கே இருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து மீட்டர். இப்போது வீடுகளில் இருக்கும் எலக்ட்ரானிக் மீட்டர் ஒரு சதவீதப் பிழைக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 530 யூனிட்டில் ஐந்து யூனிட் முன்னே பின்னே இருக்கலாம். உங்கள் தினசரி செலவு 8லிருந்து 8.03க்கு மட்டுமே மாறியிருப்பதால் மீட்டர் திடீரெனக் கெட்டுவிட்டது என்று நினைக்க ஆதாரமே இல்லை. முதலிலிருந்தே அதிகமாக ஓடுகிறதா என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். கீழே மீட்டர் பாக்ஸுக்குப் போங்கள். மீட்டர் முகப்பில் சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் 3200 இம்பல்ஸ் என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். 3200 என்றால் 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1,500 வாட் கெட்டிலில் தண்ணீர் நிரப்பிப் போடச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 80 முறை மினுக்க வேண்டும் (இங்கே சொல்லும் எண்களெல்லாம் 3200 மீட்டருக்கு, 1600 என்றால் பாதி). நம்மூரில் வோல்டேஜ் 210க்கு இறங்கியிருந்தால் கெட்டிலே குறைவாகத்தான் இழுக்கும், 67 பக்கம் வரும். 65க்கும் 85க்கும் நடுவில் வந்தால் நிம்மதியாகப் போய்த் தூங்கலாம். 110, 120 என்று வந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம். இஸ்திரிப் பெட்டியை வைத்து இந்தச் சோதனை செய்யாதீர்கள், அது நடுவில் தானே அணைந்து அணைந்து எரியும். இது தோராயமான சோதனைதான், ஐந்து சதவீதப் பிழையை இது காட்டாது. அதற்கு இபியில் கட்டணம் கட்டி மீட்டரை எம்ஆர்டி என்ற அவர்களுடைய மீட்டர் சோதனைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

அதே நேரத்தில் இன்னொன்றும் பாருங்கள், என் அனுபவத்தில் மீட்டர் கோளாறைவிட இது பல மடங்கு அதிகம். வீட்டுக்குள் மெயினை அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் யாரோ உங்கள் கரண்டைக் குடிக்கிறார்கள். தனி வீட்டை மாடி மாடியாகப் பிரித்து வாடகைக்கு விட்ட இடங்களில் தண்ணி மோட்டார், மாடிப்படி லைட், கேட் லைட் எல்லாம் ஏதாவது ஒரு போர்ஷனின் மீட்டரில்தான் மாட்டியிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். உங்கள் 530இல் அந்த 60 இருந்தால், நீங்கள் 500 கோட்டைத் தாண்டியதே அடுத்த வீட்டுக்காரர் குளித்த தண்ணீரால்தான். விரோதமாக யாரும் செய்வதில்லை, முதலில் வீடு கட்டும்போது ஒரே குடும்பம் இருந்திருக்கும், வயரிங் அப்படியே நின்றுவிடும். மோட்டார் ஓடும்போது உங்கள் மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

500க்குள் நிற்க என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். லைட்டை அணை, டிவியை அணை என்பதெல்லாம் இந்த அளவில் பெரிதாக உதவாது. பழைய ஃபேன் 75 வாட், நாளைக்கு 18 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 81 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ரக ஃபேன் 30 வாட் சுற்றி, அதே நேரத்துக்கு 32 யூனிட். ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் 49 யூனிட் மிச்சம். 350 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அதன் மதிப்பு 230 ரூபாய். உங்கள் 530 யூனிட் வீட்டுக்கோ 481 ஆகிவிடும், பில் 1,685 ரூபாய்க்கு இறங்கும், அதாவது 607 ரூபாய் மிச்சம். அந்த ஃபேன் மூவாயிரம் ரூபாய் சுற்றி வரும். கோடு தாண்டுகிற வீட்டுக்கு மட்டும் இவ்வளவு வேகமாகப் பணம் திரும்பும். ஏசி விஷயத்தில் என்னால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட் எடுப்பதும் பார்த்திருக்கிறேன், மேல்தளம் காய்கிற அறையில் 8 யூனிட்டைத் தாண்டுவதும் பார்த்திருக்கிறேன். அறை, ஜன்னல், வடிகட்டித் தூசி எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது அது.

வாடகைக்கு இருந்து, வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து மாட்டிக் கொடுத்த சப் மீட்டரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கட்டுபவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது, அவர்கள் நிலைமை மோசம். 200 யூனிட் செலவழித்தால் வீட்டுக்காரருக்கு 1,600 ரூபாய் தருகிறார்கள். தனி இணைப்பு இருந்தால் 235 ரூபாய்தான். வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு அடுத்த கேள்வி தனி சர்வீஸ் நம்பர் இருக்கிறதா என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: பில்லைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள், சண்டை போடுவதற்காக நிறுத்தி வைக்காதீர்கள், ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் மறுபடி அலைச்சல். கட்டிவிட்டு உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். சர்வீஸ் நம்பர், போன ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி, நடுவில் 66 நாள், நாளைக்கு 8 யூனிட் வீதம் 60 நாளுக்கு 482, ஆகவே மறுகணக்குப் போடுங்கள் என்று ஒரே பக்கத்தில் எண்களோடு எழுதுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987க்கு அழைத்தும் புகார் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். 298 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் முடிவு, கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்காமல் விட்டு, பிறகு நான்கு மாத யூனிட்டைச் சேர்த்து இரண்டாகப் பிரித்துப் பில் போட்டபோது அந்த முறையை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனார்கள், வழக்கு தள்ளுபடியானது.

இதையெல்லாம்விடக் கையில் ஒரு ஆதாரம் இருப்பது பலம். அடுத்த ரீடிங்கிலிருந்து 60ஆம் நாள் வரும்போது மீட்டர் பாக்ஸுக்குப் போய், திரையில் எண்கள் மாறி மாறி வரும்போது தேதியை ஒரு படம், கேடபிள்யூஎச் என்று வரும் எண்ணை (அதுதான் யூனிட்) ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 55ஆம் நாளே ஒரு முறை பார்த்தால் இன்னும் நல்லது. அப்போது காட்டும் எண்ணிலிருந்து போன ரீடிங்கைக் கழித்து 450 வந்தால், மீதி ஐந்து நாளும் ஏசியை எத்தனை மணிக்குப் போடுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.